மூன்றாம் கோடையின் இருள்: இத்தாலியக் கடற்கரையில் நிகழும் என் நாவலுக்கு ஆலோசனை வேண்டும்

செம்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வசிக்கும் நான் இரண்டு ஆண்டுகளாக ஒரு வரலாற்றுக் காதல் நாவல் எழுதி வருகிறேன். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், 1936 முதல் 1938 வரையிலான மூன்று கோடைகளில் கதை நிகழ்கிறது. கோடை விடுமுறைக்காக ஜெனோவாவிலிருந்து வரும் யூத ஆசிரியரின் மகளும் அவ்வூர்ப் படகுத் தச்சரின் இளைய மகனும் காதலிக்கிறார்கள். முதல் இரண்டு கோடைகளும் மனத்தில் நிற்பதாகக் கைப்பிரதியைப் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மூன்றாம் கோடையில் யூதருக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்து இருவரையும் பிரிக்கும் இடம், வேறொரு நாவலின் பக்கங்களைத் தவறுதலாகச் சேர்த்துத் தைத்தது போல இருக்கிறதாம். இருளை முன்பே தூவினால் காதலின் வெளிச்சம் மங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மாட்டுங்கா வாசகர்:
வணக்கம் அம்மா. இருளை நீங்கள் தூவ வேண்டியதில்லை. அந்தக் கோடைகளுக்குள்ளேயே அது இருக்கிறது. எத்தியோப்பியப் போருக்காக 1935 டிசம்பர் 18 அன்று இத்தாலியப் பெண்கள் தங்கள் தங்கத் திருமண மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்து, ஈடாக இரும்பு மோதிரங்களைப் பெற்றுக்கொண்டார்கள். யூதக் குடும்பங்களும் தங்கம் கொடுத்தன. ஆகவே 1936 கோடையில் தச்சரின் மனைவி மீன் கழுவும்போது அவள் விரலில் இரும்பு மோதிரம் இருக்கட்டும். ஆசிரியரின் மனைவி விரலிலும் அதே மோதிரம் இருக்கட்டும். தாலியைக் கழற்றுவது என்றால் என்னவென்று அறிந்த நம் வாசகர்களுக்கு அந்த இரண்டு விரல்களைக் காட்டினாலே போதும்.

அடுத்த ஆண்டு இன்னும் முக்கியமானது. கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் இத்தாலியர் அம்மண்ணின் மக்களோடு கணவன் மனைவி போல வாழ்வதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1937 ஏப்ரலில் வந்தது. நாயகனின் அண்ணன் படையிலிருந்து திரும்பியவனாக இருந்தால், அங்கே ஒருத்தியை விட்டுவிட்டு வந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லலாம். நாயகன் அதைக் காதில் வாங்காமல் தன் காதலியைப் பார்க்கக் கரைக்கு ஓடட்டும். வாசகருக்கு அந்தப் பேச்சு மறக்காது.

கடைசிக் கோடையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். யூதர் இத்தாலிய இனத்தவர் அல்லர் என்று சொன்ன இன அறிக்கை நாளிதழில் வெளியானது 1938 ஜூலை 14 அன்று, விடுமுறைக் கூட்டம் கரையில் இருந்த நாளில். யூத ஆசிரியர்களையும் மாணவர்களையும் பள்ளிகளிலிருந்து நீக்கும் ஆணை செப்டம்பர் 5 அன்றும், கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் நவம்பர் 17 அன்றும் வந்தன. அதாவது, இறுதித் தடை வரும்போது கோடை முடிந்து, அவள் ஜெனோவாவில் இருப்பாள். செய்தி தச்சர் மகனை ஆளில்லாத கரையில்தான் எட்டும்.

வாஷி வாசகர்:
மேலே நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சென்ற மாதம் இங்கே பகிர்ந்த அத்தியாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதலரின் காலடிச் சுவடுகளை ஏறி வரும் ஓதம் அழிப்பதாக எழுதியிருந்தீர்கள். அது நம் ஜுஹூ கடற்கரை. இங்கே பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். லிகூரியக் கடலிலோ ஓர் அடி அளவுதான். அங்கே சுவடுகள் மறுநாள் காலையிலும் கிடக்கக்கூடும். அதை நீங்கள் இழப்பாகக் கொள்ள வேண்டாம், சகோதரி. பிரிந்தவளின் சுவட்டைக் கடல்கூட அழிக்க மறுக்கிறது என்பது இன்னும் வலிக்கும். கடற்கரை நிலமான நெய்தலுக்கு இரங்கலையும், பொழுது சாயும் வேளையான எற்பாட்டையும் வகுத்த சங்க மரபிலிருந்து வருகிறோம். எல்லாரும் வீடு திரும்பும் சாயுங்காலத்தில் அவனை அந்தக் கரையில் நிறுத்திப் பாருங்கள்.

செம்பூர் வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓதத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இங்கே பார்த்துப் பழகிய கடலையே எழுதிவிட்டேன். திருமணச் சட்டத்தை ஆகஸ்ட் மாதத்திலேயே வைத்திருந்ததும் பிழைதான். அண்ணனை இரண்டாம் கோடையில் கொண்டுவருகிறேன். மோதிரக் காட்சியை நேற்றிரவே எழுதிவிட்டேன்: தக்காளி நறுக்கும் அம்மாவின் விரலில் துருக்கறை இருக்கிறது, மகள் அதை எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிடுகிறாள், இருவரும் எதுவும் பேசவில்லை.