கோடையில் புல்லை ஒட்ட வெட்டினால் தண்ணீர் மிச்சமாம்!

மண்வெட்டி:
புதிதாக லான் போட்ட ஒருவர், வருஷம் முழுக்க அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன வாரம் கேட்டிருந்தார். அதற்கு 'தூறல்' கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. "வெயில் ஏறியதும் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள், இலை குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும்" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

புல்லுக்கு உணவு தயாரிப்பதே இலைதான். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் வளர்வது நின்றுபோகும். இருக்கிற சக்தியையெல்லாம் புது இலை விடவே செலவழிக்கும். வேர் மேலோட்டமாக நின்றுவிட்ட புல், மேல்மண் காய்ந்த உடனே வாடிவிடும். அப்புறம் தினமும் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். இதில் மிச்சம் எங்கே வந்தது? கோடையில் புல்வெட்டும் மெஷினில் வெட்டு உயரத்தை ஒரு படி உயர்த்த வேண்டும். இறக்கக் கூடாது.

தூறல்:
பெயர் சொல்லித் திட்டியதற்கு நன்றி, மண்வெட்டி சார். இலைத்துளை வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். இலை அதிகமென்றால் ஆவியாவதும் அதிகம். முடிந்தால் இதை மறுத்துப் பேசுங்கள். உங்களுக்கு ஆறவில்லை என்பதெல்லாம் ஒரு வாதமா?

மண்வெட்டி:
ஆவியாவது பாதிக் கதைதான். உயரமான புல் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கட்டும், ஆழத்திலிருந்து குடிக்கிறது. அதனால் வாரத்துக்கு ஓரிரு முறை நன்றாக நனைத்தால் போதும். உங்கள் மொட்டைப் புல்லுக்குக் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். இன்னொன்று, ஒட்ட வெட்டிய தரையில் வெயில் நேராக மண்ணில் விழும். மண் சூடாகும், வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் களை விதையெல்லாம் முளைக்கும். அதையும் உங்கள் பதிலில் எழுதியிருக்கலாமே, "இலவச இணைப்பு: களை" என்று.

அரைசென்ட்:
இரண்டு பேரும் எந்தப் புல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அருகம்புல் வகையை இரண்டரை செ.மீ.யில் வெட்டினாலும் தாங்கும். குளிர்நாட்டு ஃபெஸ்க்யூ புல்லை ஏழெட்டு செ.மீ.க்குக் கீழே கொண்டுபோனால் கோடையில் திணறிவிடும். ஒட்ட என்றால் எத்தனை செ.மீ.?

தூறல்:
செ.மீ. கணக்கெல்லாம் அப்புறம். முதலில் அவர் ஆவியாதலை ஒப்புக்கொள்ளட்டும். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள புல்லை 3, 4 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அது என்ன செத்தா போய்விட்டது?

புல்லாங்குழல்:
கோல்ஃப் வந்துவிட்டதா, நல்லது. அங்கே அநேகமாகத் தினமும் வெட்டுகிறார்கள். அதுவும் கத்தரிபோல நறுக்கும் உருளை மெஷினில். மணல் தூவுகிறார்கள், பூஞ்சாணத்துக்கு மருந்து அடிக்கிறார்கள், ஈரத்தை அளந்து பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தால் மெஷினை எடுக்கிற ஆளுக்கு அதையா உதாரணம் காட்டுவது?

உயரத்தை விடுங்கள். இங்கே பாதிப் பேர் பிளேடைத் தீட்டியே வருஷமாகியிருக்கும். வெட்டிய மறுநாள் ஓர் இலையைக் கிள்ளி எடுத்து நுனியைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் பிளேடு சரி. நார்நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் அது வெட்டே இல்லை, பிடுங்கல். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். உடனே தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள்.

மண்வெட்டி:
பிளேடு பற்றி நான் ஏற்கெனவே தனியாக விரிவாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுச் சொல்கிறீர்களோ என்னவோ, ஆதாரம் குறிப்பிட்டிருக்கலாம்.

புல்லாங்குழல்:
கத்தி மழுங்கினால் வெட்டாது என்பதற்கு உங்களிடம் காப்புரிமை இருப்பது தெரியாது ஐயா.

தூறல்:
இதுதான் இவருடைய வழக்கம். போன மழைக்காலத்தில் "மழைக்கு முன்னால் யூரியாவைத் தூவிவிடுங்கள்" என்று அடித்துச் சொன்னவர் யார்? கொட்டின மழையில் அத்தனையும் கரைந்து ஓடைக்குப் போனது. புல் மஞ்சளானதுதான் மிச்சம். கேட்டவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

மண்வெட்டி:
நான் சொன்னது தூறலுக்கு முன். (உங்களைச் சொல்லவில்லை.) லேசான மழை யூரியாவை மண்ணுக்குள் இறக்கிவிடும், மேலேயே கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அடைமழைக்கு முன்னால் தூவுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள். அந்த மஞ்சளுக்குத் தண்ணீர் தேங்கியதும் காரணமாக இருந்திருக்கும். மண் இறுகியிருந்தால் வேருக்கு மூச்சே கிடைக்காது. ஒரு ஸ்க்ரூடிரைவரை ஈர மண்ணில் குத்திப் பார்க்கச் சொன்னேன். கைப்பிடி வரை சுலபமாக இறங்கினால் கவலையில்லை. இறங்காவிட்டால் மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். அதுவும் புல் வேகமாக வளரும் பருவத்தில்தான், தூங்கும்போது இல்லை. இதை யார் செய்தார்கள்?

மழைக்காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் நான் ரெடி. ஈரப்புல்லில் மெஷின் ஓட்டாதே, சக்கரம் மண்ணை அமுக்கும், வெட்டிய புல் கட்டிகட்டியாக விழுந்து அடியில் இருப்பதை மூச்சடைக்க வைக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே கேள்வி கோடையில் ஒட்ட வெட்டலாமா என்பது. கூடாது.

கொல்லைப்புறம்:
வெட்டிய புல்லை வாரிவிட வேண்டுமா, அப்படியே விடலாமா? விட்டால் அடியில் மெத்தைமாதிரி சேர்ந்துவிடும் என்கிறார்களே.

புல்லாங்குழல்:
விடுங்கள் மேடம். வெட்டிய புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், சீக்கிரம் மக்கிவிடும். அதிலிருக்கும் நைட்ரஜனும் மண்ணுக்கே திரும்பும். அடியில் சேரும் மெத்தை பெரும்பாலும் தண்டும் வேரும்தான், அதுதான் சீக்கிரம் மக்காது. ஒரு செ.மீ. வரை இருந்தால் கெடுதல் இல்லை.

மண்வெட்டி:
அதுவும் அடிக்கடி வெட்டினால்தான். ஒரு முழம் வளரவிட்டு ஒரே நாளில் ஒட்ட வெட்டினால் வாரத்தான் வேண்டும். ஒட்ட வெட்டுவதன் கேடு இதிலும் தெரிகிறது பாருங்கள்.

தூறல்:
எதைக் கேட்டாலும் அங்கேயே வந்து நிற்பார்.

பனிப்புகை:
எங்கள் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி. காலையில் புல்மேல் நடந்தால் அடி விழுந்த இடமெல்லாம் பிறகு பழுப்பாகிறது. இது நோயா?

அரைசென்ட்:
நோய் இல்லை. உறைந்த இலையை மிதித்தால் செல்கள் உடைந்துபோகும். பனி உருகும்வரை நடக்காதீர்கள். உங்களுடையது குளிர்ப்பருவப் புல்லா? என்றால் முக்கியமான உரம் இலையுதிர் காலத்தில்தான். வெப்பப் பருவப் புல் என்றால் குளிரில் பழுத்துத் தூங்கும். அதை எழுப்புகிறேன் என்று அப்போது உரம் போடக் கூடாது. இதனால்தான் எந்தப் புல் என்று மறுபடியும் கேட்கிறேன்.

மண்வெட்டி:
எந்தப் புல்லானால் என்ன, வேர் எல்லாப் புல்லுக்கும் உண்டு. பச்சையைச் சுரண்டினால் வேர் சுருங்கும். இந்த அடிப்படையைப் பேசாமல் வகை, ரகம் என்று திசைதிருப்பாதீர்கள்.

அரைசென்ட்:
திசைதிருப்புகிறேனா! சரி, நடத்துங்கள்.

தூறல்:
நானும் அதையே சொல்கிறேன், வகை பிரச்சினை இல்லை. ஆவியாவதைப் பற்றி மண்வெட்டி இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. "கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கட்டும்" என்று நடுவில் நழுவவிட்டார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன்.

மண்வெட்டி:
எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு நிலம் எடுத்து ஒன்றை உங்கள் வழியில், ஒன்றை என் வழியில் வெட்டிப் பாருங்கள். புல்லில் நடந்தால் காலடித் தடம் அப்படியே படிந்து கிடக்கிறதா, நிமிர்கிறதா என்று கவனியுங்கள். நிமிரவில்லை, நிறமும் நீலச் சாம்பலாக மாறுகிறது என்றால் அதற்குத் தாகம். எந்தத் துண்டு முதலில் அப்படிக் கிடக்கும் என்று இப்போதே எழுதித் தருகிறேன். ஸ்பிரிங்க்ளருக்கு அடியில் நாலு டப்பா வைத்து, எத்தனை மி.மீ. சேர்கிறது என்று அளந்து ஊற்றுங்கள். வளரும் பருவத்தில் வாரத்துக்கு 25 மி.மீ. பக்கம், மழையையும் சேர்த்து. கண்ணளவில் ஊற்றிவிட்டு மிச்சம் மிச்சம் என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.

தூறல்:
சாயங்காலம் ஊற்றலாமா சார்? அதற்கும் எழுதித் தருவீர்களா?

மண்வெட்டி:
விடியற்காலையில் ஊற்றுங்கள். இரவு முழுக்க இலை ஈரமாகக் கிடந்தால் பூஞ்சாணம் வரும். இதையும் கிண்டலாகக் கேட்டீர்கள், நான் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். வித்தியாசத்தைப் படிப்பவர்கள் பார்க்கட்டும்.

பனிப்புகை:
எங்கள் வீட்டில் சாயங்காலம்தான் ஊற்றுகிறோம். ஒன்றும் வரவில்லையே.

மண்வெட்டி:
உறைபனியை நோய் என்று கேட்டவர் நீங்கள்தானே?

பனிப்புகை:
தெரியாததைக் கேட்டால் இப்படித்தான் பேசுவீர்களா? உங்களிடம் ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை, அரைசென்ட் சார்தான் பதில் சொன்னார்.

கொல்லைப்புறம்:
லானில் கோரை வந்துவிட்டது. பிடுங்கப் பிடுங்க வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மண்வெட்டி:
பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அதிலிருந்து மறுபடி முளைக்கும். சின்னச் செடியாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுங்கள். ஒரு கேள்வி. கோடையில் புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டினீர்கள்?

கொல்லைப்புறம்:
தூறல் சொன்ன மாதிரி ஒட்ட.

மண்வெட்டி:
ஆஹா.

தூறல்:
கோரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது ஈரம் தேங்கும் இடத்தில் வரும். மேடம், உங்கள் தரையில் தண்ணீர் தேங்குகிறதா?

கொல்லைப்புறம்:
ஓரத்தில் தேங்கும்.

தூறல்:
பார்த்தீர்களா!

மண்வெட்டி:
ஓரத்தில் மட்டும்தான் கோரையா, நடுவிலும் இருக்கிறதா மேடம்? பதில் சொல்லுங்கள், இவர் தப்பிக்கப் பார்க்கிறார்.