பெருந்தமனி இடம் மாறிய குழந்தை: நாற்பது வயதில் இதயம் தளரும் என்பது உண்மையா?

கேள்வி

வணக்கம். என் மனைவி கருவுற்று 22 வாரங்கள் ஆகின்றன. கருவின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமைந்திருப்பதாகவும், கீழறைகளுக்கு இடையே ஓட்டை இல்லை என்றும், பிறந்த சில நாள்களிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றும் கூறினார். இக்குறைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முப்பது, நாற்பது வயதில் துடிப்பு சீர்கெட்டு, வலது கீழறை தளர்ந்துபோகிறது என்று பல கட்டுரைகளில் படித்துக் கலங்கியிருக்கிறோம். எங்கள் குழந்தைக்கும் இதுதான் நேருமா?

மறுமொழி 1

குழந்தைகள் இதய சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் அது வேறோர் அறுவை சிகிச்சையைப் பற்றியது. அறுவை மருத்துவர்கள் செனிங் 1959இல் வெளியிட்ட முறையிலும் மஸ்டர்ட் 1963இல் செய்த முறையிலும் தமனிகளைத் தொடாமல், மேலறைகளுக்குள் இரத்தம் செல்லும் பாதையை மட்டும் திருப்பிவிட்டார்கள். குழந்தை பிழைத்தது, ஆனால் உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் வேலை வலது கீழறையிடமே தங்கிவிட்டது. நுரையீரலுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் அனுப்புவதற்கென அமைந்த அறை, பல பத்தாண்டுகள் அச்சுமையைத் தாங்கியபின் தளர்கிறது.

1975இல் பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் அடிப் ஜாட்டேனே, தமனிகளையே வெட்டி மாற்றிப் பொருத்தினார். இதில் கடினமான பகுதி, இதயத் தசைக்கே இரத்தம் தரும் மெல்லிய கரோனரி தமனிகளைப் பெயர்த்துப் புதிய இடத்தில் முறுக்கேறாமல் தைப்பதாகும். இப்போது பெரும்பாலும் செய்யப்படுவது இதுவே. உடலுக்கு இரத்தம் அனுப்பும் பொறுப்பு இடது கீழறைக்குத் திரும்பிவிடுவதால், அந்தப் பழைய அச்சத்தின் அடிப்படையே இங்கு இல்லை. அனுபவம் மிக்க மையங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

ஓட்டை இல்லாத குழந்தைக்குப் பொதுவாக முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் இதைச் செய்துவிடுகிறார்கள். தாமதித்தால், நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்பிப் பழகிய இடது கீழறையின் தசை மெலிந்துவிடும்.

மறுமொழி 2

என் மகளுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டோம் என்று தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன்: வீக்கம் வடியும்வரை சில குழந்தைகளுக்கு மார்பெலும்பை மூடாமல், மேலே ஒரு மறைப்பு மட்டும் இட்டு ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். அது ஏதோ தவறிவிட்டதன் அடையாளம் அன்று. தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சேமித்து வையுங்கள். முதலில் குழாய் வழியாகத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மறுமொழி அளித்த இருவருக்கும் மிக்க நன்றி. வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டு, பிறகு குழந்தையை இதய மையத்துக்குக் கொண்டுசெல்லலாமா?

மறுமொழி 1

இயன்றவரை வேண்டாம். இக்குழந்தைகளுக்கு இரண்டு இரத்தச் சுற்றுகளும் தனித்தனியே ஓடுவதால், அவை எங்கேனும் கலந்தால்தான் உடலுக்கு ஆக்சிஜன் கிட்டும். பிறந்தபின் இயல்பாக மூடிக்கொள்ளும் நாளத்தைத் திறந்துவைக்கப் பிராஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டாக ஏற்றுவார்கள். அது சில குழந்தைகளின் மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால் இடைவிடாத கண்காணிப்பு தேவை. அதுவும் போதாதபோது, மேலறைகளுக்கு இடையே உள்ள துளையைப் பலூன் குழாயால் அகலப்படுத்த வேண்டியிருக்கும். வில்லியம் ராஷ்கைண்ட் 1966இல் வெளியிட்ட இம்முறை பல நேரங்களில் பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே தேவைப்படுகிறது. ஆகவே இதய மையத்திலோ அதையொட்டிய மருத்துவமனையிலோ பிரசவத்தை இப்போதே திட்டமிடுங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய அச்சம் பொருந்தாது என்பதற்காக, இதய மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடக் கூடாது. நுரையீரல் தமனி தைத்த இடத்தில் குறுகலாம். பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்து வால்வு கசியலாம். கரோனரி தமனிகளையும் கவனிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பேச்சு, கவனம், கைவிரல்களின் நுண்ணசைவு ஆகியவை சற்றுத் தாமதமாக வருகின்றன என்பதால், பள்ளி செல்லும் வயதுவரை வளர்ச்சிப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கரோனரி தமனிகள் எவ்வாறு அமைந்திருந்தன என்பதைப் பின்னாளில் பார்க்கும் மருத்துவர் முதலில் அதில்தான் தேடுவார்.