மெதுவான நெற்வேர்க்கை மேசையிலேயே உண்டாக்கிச் சோதித்தால் போதுமா?

கொக்குவிலான்:
கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்கு மீன் நிறை பதிகிற ஆப் செய்து கொடுத்தோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒபிஸ் ஃபைபரில் ஒரு பிழையும் இல்லை. நெடுந்தீவு இறங்குதுறையில் பாவிக்கத் தொடங்கியதும் ஒரே மீன் இரண்டு தடவை, சிலவேளை மூன்று தடவை பதிவாகி, ஒரு ஐயாவின் கணக்கு பிழைத்துப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. குரோம் பிரவுசரின் சோதனைக் கருவியில் நெற்வேர்க்கை 3ஜி அளவுக்கு மெதுவாக்கியும் பார்த்தோம், அந்தப் பிழை வரவில்லை. இனி லினக்ஸில் நெற்எம் (நெற்வேர்க்கில் போகிற பாக்கெற்றுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, வேண்டுமென்றே தாமதிக்கவும் தொலைக்கவும் செய்கிற கருவி) போட்டு, தாமதம் 400 மில்லிசெக்கன், இழப்பு 3% என்று வைத்துத்தான் ஒவ்வொரு பதிப்பையும் வெளியே விடுவோம்.

தீவகத்தான்:
தம்பி, அந்த 400ஐயும் 3ஐயும் எங்கிருந்து எடுத்தீர்? இங்கே சிக்னல் அப்படிச் சீராக விழுவதில்லை. நன்றாக இருக்கும், திடீரென்று பத்து செக்கன் ஒன்றும் போகாது, பிறகு எல்லாம் சேர்ந்து வரும். நெற்எம்மில் வெறும் 3% போட்டால் பாக்கெற்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். அதில் பாஸ் ஆனதை நம்பி எங்கள் ஆட்களின் கையில் கொடுக்க வேண்டாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம், வந்து பாரும்.

கொக்குவிலான்:
வந்தோம் அண்ணை, இரண்டு நாள் நின்றோம். ஒரே ஒரு தடவைதான் பிழை வந்தது, ஏன் வந்தது என்று லொக்கைப் பார்த்தும் விளங்கவில்லை. வேண்டிய நேரத்தில் வராத பிழையை எப்படித் திருத்துவது? மேசையில் என்றால் ஒரு நாளில் நூறு தடவை வரவைக்கலாம். 400 என்றது வேகத்துக்காக அல்ல, போய்வரும் நேரத்துக்காக. புது இணைப்புக்குச் சேவரின் பெயரை வைத்து முகவரி தேட ஒன்று, இணைப்பை எழுப்புகிற டிசிபிக்கு ஒன்று, அதை மறைகுறியாக்குகிற டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று, ஆப்பின் கேள்விக்கு ஒன்று என்று நாலு தடவை போய்வர 1.6 செக்கன். அதிலும் டிசிபியின் முதல் பாக்கெற் தொலைந்தால் 1 செக்கன் காத்திருந்து, திரும்பவும் தொலைந்தால் இன்னும் காத்திருந்துதான் மறுபடி அனுப்பும். எங்கள் ஆப் 5 செக்கனில் கைவிட்டுத் திரும்ப அனுப்புகிறது.

மானிப்பாய்க்காரி:
இரண்டு பேரும் தாமதத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பதிவு இரட்டிப்பது, கேள்வி சேவருக்குப் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலையும்போது. குரோமில் வராததும் இதனால்தான்: அது பிரவுசருக்குள் கேள்வியையும் பதிலையும் மெதுவாக்குகிறதே தவிர, கீழே டிசிபியில் எதையும் தொலைப்பதில்லை. நெற்எம் வெளியே போகிற பாக்கெற்றை மட்டும் தொடும். ஆகவே அதைப் போனின் பக்கம் அல்ல, சோதனைச் சேவரில் போடுங்கள். இணைப்பு எழுந்த பிறகு இழப்பை 100% ஆக்கி, பதிவை அனுப்பி, 8 செக்கனில் எடுத்துவிடுங்கள். இணைப்பு எழ முன்னர் போட்டால் கேள்வியே போகாது, ஒன்றும் காணமாட்டீர்கள். தானாக நீக்குகிற கட்டளையை முதலே சேர்த்து ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து சேவரை இயக்குகிற உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பும் அதோடு போய்விடும். நான் ஒருதடவை அப்படி மாட்டுப்பட்டு இரவு பத்து மணிக்குச் சேவர் அறைக்கு ஓடினேன்.

கொக்குவிலான்:
அக்கா, முதல் தடவையிலேயே வந்துவிட்டது! ஒரு மீன், இரண்டு பதிவு. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி இலக்கம் கொடுக்கிறோம், அதே இலக்கம் திரும்ப வந்தால் சேவர் பழைய பதிலையே கொடுக்கும். நாற்பது தடவை செய்தோம், இரட்டிக்கவில்லை. அண்ணை, இதை நெடுந்தீவில் நின்று ஒரு மாதத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

தீவகத்தான்:
சரி, அது நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இலக்கம் எப்போது உண்டாகிறது? எங்கள் ஐயாமார் திரை சுற்றிக்கொண்டே நின்றால் காத்திருப்பதில்லை. ஆப்பை மூடி, திரும்பத் திறந்து, அதே மீனை முதலிலிருந்து அடிப்பார்கள். அப்போது புது இலக்கம்தானே போகும்?

கொக்குவிலான்:
சேமி பொத்தானை அமத்தும்போது உண்டாகிறது அண்ணை. மூடினால் அது போய்விடும்... இதை நாங்கள் யோசிக்கவில்லை. அனுப்பாத பதிவைப் போனிலேயே எழுதி வைத்து, திறந்தவுடன் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலைப் படகில் வருகிறோம், அந்த ஐயா பதிகிறபோது பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.