மூன்றாவது நிழலுக்கு ஒரு பெயர் வேண்டும் (அவசரம்)

திருகோணமலை, விஞ்ஞான ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கான கிரகணப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருநிழல் (சூரியன் முழுதாக மறையும் பகுதி), அரைநிழல் (ஓரளவு மட்டும் மறையும் பகுதி) பிள்ளைகளுக்குத் தெரியும். சந்திரனின் கருநிழற் கூம்பு சுமார் 375,000 கிலோமீற்றர் நீளம். சந்திரனோ சில வேளை 400,000க்கு மேல் விலகிவிடும். அப்போது கூம்பின் நுனி பூமியைத் தொடாது. நுனிக்கு அப்பால் மறுபடி விரிகிற பகுதிதான் அன்டம்ப்ரா. அதற்குள் நிற்பவருக்குச் சூரியன் வளையமாகத் தெரியும், அதாவது கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26இல் வடக்கில் பார்த்தோமே, அதுதான். தமிழில் என்ன போடலாம்?

மட்டக்களப்பு:
எதிர்நிழல். இதில் என்ன யோசனை, தங்கச்சி?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இலத்தீன் 'அன்டே' என்றால் முன். எதிர் அல்ல. முன்னிழல் என்றால் முகத்துக்கு முன்னே விழுவது என்றாகிவிடும். பொருளை நோக்கினால் அப்பால் + நிழல். லகரமும் நகரமும் புணர்ந்து 'அப்பானிழல்'.

கொழும்பு:
சேர், அப்பானிழல் என்றால் பிள்ளைகள் அப்பாவைத் தேடுவார்கள். வளைநிழல்?

யாழ்ப்பாணம்:
வளை கையணியும்தான், சங்கும்தான், எலி வளையும்தான். வினைத்தொகையாகக் கொண்டால் வளைகின்ற நிழல். தவிர, வளையமாகத் தெரிவது சூரியன், நிழல் அல்ல.

மட்டக்களப்பு:
கங்கணம் வடசொல். நம் ஊரில் காப்பு என்போமே. காப்பு நிழல்!

திருகோணமலை:
ஐயோ அண்ணை, அது வேண்டாம். காக்கும் நிழல் என்று நினைத்து வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். பூரண கிரகணத்தில் முழுதாக மறைந்திருக்கும் சில நிமிடங்கள் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். கங்கணத்தில் ஒரு நொடிகூடக் கூடாது. 2019இல் உச்சத்திலும் சூரிய வட்டின் 6 சதவீதம் அளவு மூடப்படாமல் இருந்தது. விழித்திரைக்கு நோவு தெரியாது, எரிந்த பிறகுதான் பார்வை மங்கும். எக்ஸ்ரே படம், புகையேற்றிய கண்ணாடி, சீடி எதுவும் உதவாது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே உள்ள ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் மட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி, ஒரு மீற்றர் தள்ளித் தாளில் விழுத்தலாம். பிம்பம் 9 மில்லிமீற்றர் அளவு வரும். துளையினூடாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. வேப்பமர நிழலிலும் அன்று நூறு குட்டிச் சூரியன் விழும்.

யாழ்ப்பாணம்:
அந்த வேப்பமரத்து நிழலுக்கும் ஒரு பெயர்...

கொழும்பு:
சேர், அது அடுத்த இழையில். கங்கண நிழல் என்றே போடுங்கள். வடசொல்தான், ஆனால் பத்திரிகை படித்த எல்லோருக்கும் கங்கண கிரகணம் தெரியும். ஆட்சேபம்?

மட்டக்களப்பு:
எனக்கு உண்டு. பதிவு செய்து வையுங்கள். அவசரத்தில் வடமொழி உள்ளே வருவது இப்படித்தான்.

யாழ்ப்பாணம்:
நிழல் கங்கணம் கட்டாது. இருந்தாலும் எதிர்நிழலைவிடப் பரவாயில்லை. சரி.

திருகோணமலை:
கங்கண நிழல் அச்சுக்குப் போகிறது. காப்பு என்ற சொல் பதாகையில் ஓரிடத்தில் உண்டு அண்ணை: 'கண் காப்பு' என்ற தலைப்பில், சிவப்பு எழுத்தில்.

மட்டக்களப்பு:
அங்கே ஒற்று மிகாது, கவனம்.