செலுத்துகிணறா, திணிகிணறா? திங்கட்கிழமை வகுப்புக்குச் சொல் வேண்டும்

வி.செ. — புதன், காலை

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்வழி சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். வரும் திங்கட்கிழமை நிலத்தடி நீரைக் காக்கும் சட்டங்கள். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை வைத்திருக்கிறேன். கழிவுநீரையும் உப்புநீரையும் குழாய் வழியே பூமிக்குள் அனுப்பும் கிணறுகளை அதன் கீழ் வந்த விதிகள் ஆறு வகையாகப் பிரிக்கின்றன. எந்த வகைக்கு யார், எப்போது, எதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கின்றன. குறிப்பு எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'இன்ஜெக்‌ஷன் வெல்' என்பதற்குத் தமிழில் என்ன?

கையில் இருந்த பழைய குறிப்பில் 'ஊசிக்கிணறு' என்றிருந்தது. போன வருடம் அதையே சொல்லிக் கொடுத்தேன். தேர்வுத்தாளில் ஒரு மாணவர், மேலே அகன்று கீழே ஊசிமுனையாகக் கூர்ந்து இறங்கும் கிணறு ஒன்றை அழகாக வரைந்து, பாகங்களும் குறித்திருந்தார். அந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை. சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

இன்னும் மூன்று சொற்கள் வேண்டும்: அக்விஃபர் (நிலத்தடியில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கு), மெக்கானிக்கல் இன்டெக்ரிட்டி (கிணறு எங்கும் ஒழுகாமல் இருக்கும் நிலை), ரிப்போர்ட்டிங் (அரசுக்குத் தெரிவிப்பது). ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

ஆ.மு. — புதன், நண்பகல்

அன்புள்ள அம்மா,

'செலுத்துகிணறு' என்று வையுங்கள். 'செலுத்துக்கிணறு' என்று ஒற்று மிகுத்து எழுதிவிடாதீர்கள். இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல ஒற்று மிகாது.

செலுத்தும் வேலையைக் கிணறா செய்கிறது, மனிதன்தானே செய்கிறான் என்று யாராவது கேட்கக்கூடும். பெயரெச்சம் செய்பவனை மட்டும் கொண்டு முடிவதில்லை. கருவி, நிலம், காலம், செயப்படுபொருள் எல்லாவற்றையும் கொள்ளும். 'உண்ட சாத்தன்' போலவே 'உண்ட இல்' என்பதும் சரி. வீடா உண்டது? செலுத்தப்படும் இடம் கிணறு, அவ்வளவுதான்.

சொல்லின் வேரும் நன்றாக இருக்கிறது. செல் என்பதன் பிறவினை செலுத்து. நட, நடத்து, இரு, இருத்து, அதே போக்கு. செல் என்பதிலிருந்தே செலவு. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். தலைவன் பிரிந்து போக நினைத்துப் போகாமல் தயங்குவதற்குச் செலவழுங்கல் என்று அகத்தில் தனித்துறையே உண்டு. இன்றைக்குச் செலவு என்றால் கையை விட்டுப் போகும் காசு. இரண்டிலும் உள்ளது ஒரே கருத்து, போனது போனதுதான். பூமிக்குள் போன கழிவுநீரை எளிதில் திரும்ப எடுக்க முடியாது என்பதை உங்கள் மாணவர்களுக்கு இந்த வேர்ச்சொல்லைக் கொண்டே சொல்லலாம்.

மா.இ. — புதன், மாலை

ஐயா சொன்ன இலக்கணத்தில் எனக்கு மறுப்பு இல்லை. சொல்லில்தான் மறுப்பு. வரி செலுத்து, கட்டணம் செலுத்து என்று தேய்ந்துபோன வினை அது. 'செலுத்துகிணறு' என்றதும் மின்கட்டணம் செலுத்தும் இடம்தான் என் நினைவுக்கு வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, நிறைந்து கிடக்கும் பாறைத் துளைகளுக்குள் அழுத்தம் கொடுத்து நீரை நுழைக்கிறார்கள். அந்த வலிமை சொல்லில் தெரிய வேண்டாமா?

என் முன்மொழிவு 'திணிகிணறு'. புறநானூற்றின் இரண்டாம் பாட்டே 'மண் திணிந்த நிலனும்' என்றுதான் தொடங்குகிறது. நிலத்துக்கும் திணிதலுக்கும் நம் மொழியில் அவ்வளவு பழைய உறவு.

இன்னொன்று. இதைக் கிணறு என்பதே பொருந்துமா? 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்றார் வள்ளுவர். தொட்டால், அதாவது தோண்டினால், ஊற வேண்டும்; ஊறுவதுதான் கிணறு. ஊறாமல் விழுங்குவதைத் துளை என்று சொல்லலாம். 'திணிதுளை' என்றாலும் எனக்குச் சம்மதமே.

ந.கு. — புதன், நள்ளிரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓக்லஹோமாவில் எண்ணெய்வயல்களில் ஆறு வருடம் இந்தக் கிணறுகளோடு வேலை பார்த்தவன். சொல் உருவாக்கத் தெரியாது. பொருள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

மா.இ. அவர்கள் துளை என்கிறார். அங்கே விதியில் கிணறு என்பதற்கு வரையறையே இருக்கிறது: தோண்டிய குழியோ துளைத்த குழியோ, ஆழம் மேல்வாயின் அகலத்தைவிட அதிகமாக இருந்தால் அது கிணறு. அதோடு நிற்கவில்லை. நீரை உள்ளே விடுவதற்காகத் திருத்திய இயற்கைப் பள்ளமும் கிணறு. நிலத்துக்கடியில் நீரைப் பரப்பும் ஓட்டைக் குழாய் வரிசையும் கிணறு. ஒரு நாளில் இருபது பேரோ அதற்கு மேலோ பயன்படுத்தக்கூடிய செப்டிக் டேங்க்கூட ஐந்தாம் வகையில் வந்துவிடும். அதற்குத் துளை எங்கே? அங்கே அழுத்தமும் கிடையாது, தானாகவே இறங்கும். அப்புறம் எப்படித் திணிப்பது?

அழுத்தம் இருக்கிற இடத்தில் மா.இ. அவர்களின் பயம் நியாயம்தான். 1960களில் டென்வர் அருகே ராக்கி மவுண்டன் ஆர்சனலில் இரசாயன ஆயுதத் தொழிற்சாலைக் கழிவை மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கிணற்றில் இறக்கினார்கள். 1962 மார்ச்சில் தொடங்கினார்கள், சில வாரங்களில் நிலம் அதிர ஆரம்பித்தது. 1966இல் நிறுத்திய பிறகும் அடுத்த வருடம்தான் பெரிய அதிர்வுகள் வந்தன. 2016இல் ஓக்லஹோமாவில் பானி ஊருக்கருகே 5.8 அளவில் வந்த நிலநடுக்கத்தையும் கழிவுநீர்க் கிணறுகளோடுதான் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனாலும் வயலில் யாரும் வலிமை தெரியச் சொல்வதில்லை. 'தண்ணி இறக்குறோம்' என்பதுதான் நாங்கள் தமிழர்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வது. வேண்டுமானால் 'இறக்குகிணறு' என்று வைத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கல் இன்டெக்ரிட்டி பற்றி. கிணற்றுத் தலையில் இரண்டு அழுத்தமானி இருக்கும். ஒன்று, உள்குழாயில் உப்புநீர் எந்த அழுத்தத்தில் இறங்குகிறது என்று காட்டும். மற்றது, உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் வளைய இடைவெளியைக் காட்டும். முதல் முள் நாளெல்லாம் ஆடும், கவலை இல்லை. இரண்டாவது முள் அசையக் கூடாது. ஒரு குளிர்காலக் காலையில் போய்ப் பார்த்தேன், கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்தேன், இரண்டாவது முள் மேலே ஏறி நின்றது. உள்குழாயில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பம்பை நிறுத்திவிட்டு முதலில் செய்தது, போன் எடுத்தது.

ச.யோ. — வியாழன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். அக்விஃபருக்குத் தமிழ்நாட்டு நூல்களில் 'நீர்த்தாங்கி' என்று கண்டிருக்கிறேன். வி.செ. அக்கா, தயவுசெய்து அதைப் போட வேண்டாம். எங்கட பக்கத்தில் நீர்த்தாங்கி என்றால் கால் வைத்து உயரத்தில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி. நிலத்துக்குக் கீழே இருக்கிறதை நிலத்துக்கு மேலே தூக்கி வைத்தது போலாகும். 'நீர்கொள் படுகை' என்றால் இரண்டு கரைக்கும் விளங்கும்.

எனக்கு இது வெறும் சொல்லாகத் தெரியவில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற நீரைத் தவிர எங்களுக்கு நெடுங்காலம் வேறு நீர் இருக்கவில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்த நாட்களில், அம்மா ஒவ்வொரு முறையும் வாளியை மேலே தூக்கி முதலில் மணந்து பார்ப்பா. பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டால் எங்கட கிணறு தப்பும் என்று சொல்ல முடியாது. படுகை என்ற சொல் அந்தத் தொடர்பைக் காட்டுகிறது, எல்லாம் ஒன்றாகப் படுத்துக் கிடக்கிறது.

ஆ.மு. — வியாழன், இரவு

ந.கு. தம்பி, 'வெளிக்குழாய்' என்றீர்களே, அதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: உறை. சுட்டமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மண் சரியாமல் கட்டியது உறைகிணறு. கீழடி அகழாய்விலும் வெளிப்பட்டது. ஆகவே உறைக்குழாய். உறை என்பதற்கு உறைதல், தங்குதல் என்றும் பொருள் உண்டு. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை. உறையூருக்கும் இந்த உறைக்கும் தொடர்பு உண்டென்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

வி.செ. — வெள்ளி

ஐயா, உறைக்குழாயை அப்படியே எடுத்துக்கொண்டேன். உறையூருக்கு ஞாயிறு கழித்துக் கட்டாயம் வருகிறேன்.

இன்று விதிகளை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது, உடனே பகிர வேண்டும் போலிருந்தது. இந்தச் சட்டம் இன்றைக்குக் குடிக்கிற நீரை மட்டும் காக்கவில்லை. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்து, ஓர் ஊர்க் குடிநீர்த் திட்டத்துக்குப் போதுமான அளவு நீரும் இருந்தால், விதிவிலக்குப் பெறாத எந்தப் படுகையும் பாதுகாப்புக்குள் வரும். 10,000 என்பது வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அங்கே குழாய் நீருக்குச் சுவை கருதிப் பரிந்துரைத்திருக்கும் அளவு 500தான். கடல்நீரே ஏறத்தாழ 35,000. இன்று யாரும் குடிக்காத, நாளை சுத்திகரித்துக் குடிக்கக்கூடிய நீரையும் சேர்த்துத்தான் 'குடிநீர் மூலம்' என்கிறார்கள்.

குடிக்க முடியாததை எப்படிக் குடிநீர் என்பது என்று முதலில் தயங்கினேன். பிறகு ஐயாவின் மடல் நினைவுக்கு வந்தது. குடிநீர் வினைத்தொகை. குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர், மூன்று காலமும் அதற்குள் கரந்து நிற்கிறது. சட்டம் ஒரு பத்தி எழுதிச் சொல்வதை நம் சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பை இதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

மா.இ. — வெள்ளி, மாலை

அம்மா, இது அருமை. நானும் என் வகுப்பில் சொல்வேன். ஆனால் இதே காரணத்தால்தான் 'ரிப்போர்ட்டிங்' என்பதற்கு வெறும் 'அறிக்கை' போதாது என்கிறேன். அங்கே ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ந.கு. போன் எடுத்தது ஒன்று. அலுவலகத்தில் உட்கார்ந்து எண்களை நிரப்பி அனுப்புவது இன்னொன்று. தமிழில் பிரித்துச் சொன்னால் மாணவருக்குத் தெளியும்: முதலாவது அறிவித்தல், இரண்டாவது அறிக்கையளித்தல்.

ந.கு. — வெள்ளி, நள்ளிரவு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். குடிநீர் மூலத்துக்கு ஆபத்து வரக்கூடிய எதுவானாலும் தெரிய வந்த 24 மணி நேரத்துக்குள் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், ஐந்து நாளைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. அது அறிவித்தல். மற்றது வழக்கமான கணக்கு. முதல் வகை ஆலைக்கழிவுக் கிணறுகளில் அழுத்தம், வேகம், கொள்ளளவு எல்லாம் நிற்காமல் பதிவாகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. இரண்டாம் வகை எண்ணெய்வயல் கிணறுகள் மட்டும் நாடு முழுக்க ஏறத்தாழ 1,80,000 இருக்கின்றன. அதில் உப்புநீர் இறக்குகிற கிணற்றில் வாரம் ஒருமுறை அளந்து குறித்து, வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை. கரியமில வாயுவைப் புதைக்கிற ஆறாம் வகைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

சோதனைக்கு 'கட்டுறுதி' என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது கட்டடம் மாதிரி இருக்கிறது. பார்ப்பது இரண்டே இரண்டு. உள்ளே உறைக்குழாயும் உள்குழாயும் ஒழுகவில்லை, வெளியே குழாயை ஒட்டி மேலே எதுவும் ஏறி நல்ல நீரில் கலக்கவில்லை. 'கசிவின்மை' என்றால் இரண்டும் அடங்கும்.

வி.செ. — ஞாயிறு, மாலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். செலுத்துகிணறு என்றே வைத்தேன். கொரோனா நாட்களில் 'தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்கள்' என்று தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கட்டணம் நினைவுக்கு வராது என்று நம்புகிறேன். நீர்கொள் படுகை, உறைக்குழாய், கசிவின்மைச் சோதனை, அறிவித்தல், அறிக்கையளித்தல். அடிக்குறிப்பில் திணிகிணறு, இறக்குகிணறு இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

மா.இ. — ஞாயிறு, இரவு

அடிக்குறிப்புக்கு நன்றி. அழுத்தம் கொடுத்து இறக்கும் கிணறுகளுக்காவது திணிகிணறே சரி என்ற என் கருத்து மாறவில்லை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ச.யோ. — ஞாயிறு, இரவு

அக்கா, அச்சுக்குப் போய்விட்டது என்று தெரியும். ஆனாலும் ஒன்று. நீங்கள் அனுப்பின வரைவில் கடைசிப் பக்கத்தில் 'கிணற்றை அடைத்துக் கைவிடல்' என்று இருக்கிறது. அங்கே விதி சொல்வது, சிமெந்து இறக்கிக் கெட்டியாக மூடி, மூடியதற்கும் அறிக்கை கொடுத்து முடிப்பது. தமிழில் கைவிடப்பட்ட கிணறு என்றால் நேர் எதிர். யாரும் மூடாமல் வாய் திறந்து கிடக்கிற ஆழ்துளைக் கிணறு, பிள்ளைகள் விழுகிற கிணறு. உங்கட மாணவர்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

வி.செ. — ஞாயிறு, இரவு 11.40

ச.யோ., நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அச்சகத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நாளை காலை முதல் வேலையாக எழுபது பிரதிகளிலும் 'கைவிடல்' என்பதைப் பேனாவால் அடித்துவிடுகிறேன். அந்த இடத்தில் என்ன எழுதட்டும்? 'அடைத்து மூடல்' என்று தோன்றுகிறது. 8.30க்கு வகுப்பு. அதற்குள் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

ஆ.மு. — திங்கள், காலை 5.15

தூர்த்தல்.