அந்தப் பன்னிரண்டு பேர்

பழுப்பேடு: "மறுத்திருந்தால் அவனையே சுட்டிருப்பார்கள், சாதாரண ஆள் என்ன செய்வான்?" என்று, யூதர்களைச் சுட்ட நாஜி ஜெர்மனியின் போலீஸ்காரனுக்காக நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூவ். ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101, ஏறத்தாழ 500 பேர், பெரும்பாலும் ஹாம்பர்க்கிலிருந்து வந்த நடுத்தர வயதுக்காரர்கள். ஊர் யூதர்களைச் சுடவேண்டும் என்பது உத்தரவு. முடியாதென்று நினைக்கும், வயதில் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அவர்களின் தளபதி மேஜர் டிராப்பே சொன்னார். பன்னிரண்டு பேர் விலகினார்கள். விலகியவர்களில் ஒருவரையும் யாரும் சுடவில்லை. மற்றவர்கள் அன்று மட்டும் சுமார் 1,500 யூதர்களைக் கொன்றார்கள்.

கடலோடி: எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டுங்கள். பன்னிரண்டு என்று எண்ணியது யார்? 1960களில் ஹாம்பர்க் விசாரணையில் அந்தப் போலீஸ்காரர்களே சொன்ன கணக்கு. கொலைகாரன் வாக்குமூலம் உங்களுக்கு வேதவாக்கா?

பழுப்பேடு: தப்பிக்க நினைப்பவன் "வேறு வழியில்லை" என்பான். விலக வழி இருந்தது என்பது அவனுக்கே பாதகம். அதனால்தான் இந்தப் பட்டாலியனைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரவுனிங் அதை நம்பினார். பத்தோ பன்னிரண்டோ, விலகினார்கள்.

கடலோடி: இப்போது பத்தா? காலையில் பன்னிரண்டு என்றீர்களே!

நிலாமுற்றம்: சுட ஆரம்பித்த பிறகு நழுவியவர்களை இருவருமே மறந்துவிட்டீர்கள். சுடப் போனவர்களில் 10 முதல் 20 சதவீதம் என்பது பிரவுனிங்கின் கணிப்பு. சகாக்கள் முன்னால் கோழையாகத் தெரியக்கூடாது என்றே மற்றவர்கள் சுட்டார்கள் என்கிறார். 1996இல் கோல்ட்ஹேகன் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே விசாரணைக் கட்டுகளைப் படித்துவிட்டு, யூத வெறுப்புதான் காரணம் என்றார். அப்புறம், ஊர்ப்பெயர் யூசெஃபுஃப்.

பழுப்பேடு: ஊர்ப்பெயரைத் திருத்த நீங்களா? யூத அழிப்பைத் திட்டமிட நாஜி அதிகாரிகள் கூடிய வான்சே கூட்டம் 1941 என்று போன மாதம் அடம்பிடித்தவர் நீங்கள்தானே? 1942 ஜனவரி 20 என்று நான் சொன்னபோது ஒரு நன்றிகூட இல்லை.

நிலாமுற்றம்: அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா? நான் கேட்டது கோல்ட்ஹேகனைப் பற்றி.

பழுப்பேடு: கோல்ட்ஹேகன் வந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரைத் தாண்டித்தான் போகவேண்டும். நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டவன் என்று ஒருவனைக்கூட போருக்குப் பிந்தைய வழக்குகளில் எந்த வக்கீலாலும் காட்ட முடியவில்லை. கடலோடி ஒருவனைக் காட்டட்டும்.

கடலோடி: தண்டனை வராது என்பது அன்று காலை வரிசையில் நின்றவனுக்குத் தெரியுமா? முதலில் பத்தா பன்னிரண்டா, அதை முடிவுசெய்யுங்கள்.

பழுப்பேடு: பன்னிரண்டு. மேஜர் அழுதுகொண்டே சொன்னார், அவர்கள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். இதை நாளைக்கும் எழுதுவேன்.