கியர் சைக்கிளில் தூண்டிலும் வேட்டையும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஒற்றியூரான்:

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கியர் சைக்கிள் கைமாறி என்னிடம் வந்தது. மலைப்பாதைக்கென்று செய்த வகை: 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் ஷாக், பருத்த டயர். திருவொற்றியூரில் மலைக்கு எங்கே போவது? தூண்டில் போடத்தான் பயன்படுத்துகிறேன். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் போவேன். வண்டி நிற்கும் இடத்தில்தான் தூண்டில் விழும், அதாவது ஊரே நிற்கும் பாலத்தடியில்.

போன தை மாதம் ஒரு ஞாயிறு. கழியை இரண்டாகக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துப் பழைய டியூப்பால் கட்டிக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்பினேன். எண்ணூர் விரைவுச்சாலையில் அந்த நேரத்திலும் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. நம் வட்டாரத்தில் எந்த விலங்கையும்விட அவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். கொசஸ்தலை ஆற்றைக் கடந்து காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பினால் வாடைக்காற்று முகத்தில் அறைகிறது. இருக்கும் கியர்களில் எளிதானதைப் போட்டும் நடக்கிற வேகம்தான்.

சவுக்குத் தோப்பில் மணல் தொடங்கியதும் இறங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும் அளவுக்கு இரண்டு டயரிலும் காற்றை இறக்கினேன். காற்று முழுதாக இருந்தால் சக்கரம் மணலை உழும். குறைத்தால் பாதம் மாதிரி விரிந்து மேலேயே போகும். சத்தமே இல்லை. ஒரு வளைவில் இருபது அடி தூரத்தில் நரி நின்றது, வாயில் நண்டோடு. ஓடவில்லை. என்னைப் பார்த்தது, சைக்கிளைப் பார்த்தது. நான் பிரேக்கைத் தொட்டேன். உப்புக்காற்றில் துருவேறிய டிஸ்க் கீச்சென்று கத்த, நண்டைப் போட்டுவிட்டு மறைந்தது. ஒரு கால் போன அந்த நண்டு மட்டும் கொடுக்கை உயர்த்திக்கொண்டு என்னோடு சண்டைக்கு நின்றது.

அன்று இரண்டு கிலோவுக்கு ஒரு கொடுவா. அந்த மகிழ்ச்சியில் குறுக்கு வழி தேடியதுதான் தவறு. மேலே அப்பளம் போலக் காய்ந்த தரை; கீழே சாம்பல் கலந்த களி. முன்சக்கரம் அச்சு வரை இறங்கியது. இழுத்துக் கரை சேர ஒரு மணி நேரம். வீட்டுக்காரி மீனைப் பார்க்கவில்லை, என் கால்சட்டையைத்தான் பார்த்தாள்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கி, கண்ணி என்று யாரும் இங்கே ஆலோசனை கேட்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேட்டைக் கதை வேண்டுமென்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

வண்ணைக்காரன்:

அண்ணா, பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து இப்போது அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறேன். இங்கே உரிமம் வாங்கினால் எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடலாம். பல காட்டுப்பாதைகளில் மோட்டார் வண்டி நுழையாதபடி கேட் பூட்டியிருக்கும். சைக்கிளை அனுமதிக்கும் இடமென்றால் இரண்டு மணி நேர நடை அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் கூடாது. அதற்கு அடிப்படை 1964ஆம் ஆண்டுச் சட்டம். பேட்டரி சைக்கிளோ தேசியக் காடுகளில் மோட்டார் வண்டிக் கணக்கில் சேரும். அது தெரியாமல் வாங்கிய என் நண்பர் கேட்டோடு திரும்பினார்.

சத்தமே இல்லை என்றீர்கள். மிதிப்பதை நிறுத்தி உருள விட்டுப் பாருங்கள், பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே வரும். என் முதல் ஆண்டில் அந்த ஒலிக்குத்தான் புல்வெளியில் பத்துத் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. இப்போது இறக்கத்திலும் பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே போகிறேன்.

சுமை வேறு கதை. ஒரு எல்க்கின் இறைச்சியை ஒரே நடையில் கொண்டுவர முடியாது. ஒற்றைச் சக்கர டிரெய்லரில் மூன்று நடை. ஏற்றத்தில் காலியாக வரும்போது நாய்க்குட்டி; இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது அதுவே முட்டித் தள்ளும் காளை. பிரேக் பிடித்ததும் பின்னாலிருந்து என்னைத் தள்ளி ஓடையில் போட்டது. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் 500 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறமோ இளஞ்சிவப்போ பளிச்சென்று உடுத்த வேண்டும் என்பது இங்கே விதி. ஆகையால் ஓடையில் கிடந்தவனை எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தது.

மீஞ்சூர் மருமகள்:

ஒற்றியூர் அண்ணனுக்கு: நான் பிறந்தது கழிமுகக் கரையில் ஒரு குப்பம். என் ஆயா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார். யாராவது வந்தால் கூப்பிட வாய் இல்லை, காட்டக் கை இல்லை.

உங்களைப் போல ஒருவர் கியர் சைக்கிளில் பூனை மாதிரி வந்து பின்னால் நின்று தூண்டிலை வீசினார். கொக்கி ஆயாவின் முந்தானையில் மாட்டியது. என் தம்பிதான் துணியைக் கிழித்து எடுத்தான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். ஆனால் யாரும் இல்லாத இடம் என்றுதான் நினைத்து வந்திருந்தார். பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று முறை வைத்துப் பிரித்திருப்பார்கள்; அதற்குப் பாடு என்று பெயர். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். உங்கள் சைக்கிளில் மணி இருக்கிறதா?

ஒற்றியூரான்:

இல்லை, தங்கச்சி. வாங்கும்போதே இல்லை. நேற்று ஒன்று மாட்டினேன். கியர் சைக்கிளுக்கு மணியா என்று கடைக்காரர் சிரித்தார்.

இன்று காலை கரைக்கு வந்ததும் இரண்டு முறை அடித்தேன். தண்ணீரில் குனிந்திருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்தார், வாயில் பறி. ஒரு கையைச் சேற்றிலிருந்து எடுத்து இடப்பக்கம் தள்ளிப் போகும்படி காட்டினார். போனேன். ஒரே ஒரு கெளுத்தி கிடைத்தது. அதன் முள் குத்தியதால்தான் இதை ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன்.